சாமி அழைப்புக்கு ஓர் ஒப்பந்தம்

ஊர்க்கவுண்டர் மாதுவுக்கு எழுத்தின் மேல் திடீரென்று நம்பிக்கை வந்தது அந்த ஆனி மாதத்தில்தான். அதுவரை அவர் வாழ்க்கையில் எழுதி வாங்கியது நிலத்துப் பத்திரம் மட்டும். மற்றதெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்துப் பேசியதுதான். பேசினபடி நடந்தால் சரி, நடக்காவிட்டால் சண்டை. இப்போது சசிகலாவின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முழங்கால் மேல் ஒரு முத்திரைத்தாளை விரித்து வைத்திருந்தார். அது மடங்கிவிடக் கூடாதே என்று காலைக்கூட ஆட்டவில்லை.

"நீ கம்பெனிக்கு அக்ரிமெண்ட் எழுதறவதான கண்ணு? நம்ம ஊருக்கும் ஒன்னு எழுதிக் குடு. பம்பைக்காரங்களோட."

"பம்பை அடிக்கறதுக்கு எதுக்குங்க பெரியப்பா அக்ரிமெண்ட்?"

"போன வருசம் என்னா ஆச்சுன்னு நீயும் பாத்தயில்ல?"

பார்த்தாள். மறக்கக்கூடிய காட்சியா அது? நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற இந்த ஆலமரத்துக் கொட்டாய் என்கிற சிற்றூரில் ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை. பண்டிகையின் உயிர் சாமி அழைப்பு. கிணற்று மேட்டில் பம்பைக்காரர்கள் இடுப்பில் ஜோடி மத்தளத்தைக் கட்டிக்கொண்டு அடித்து, அம்மனை வர்ணித்துப் பாடுவார்கள். அம்மன் சசிகலாவின் தாய் பெரியம்மாள் மேல் இறங்குவாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து அவள் மேல்தான். போன வருஷமும் மஞ்சள் துணி கட்டி, இரண்டு கையிலும் வேப்பிலையோடு பெரியம்மாள் நின்றாள். உச்சி வெயிலில் ஆரம்பித்த பம்பை பொழுது சாயும்வரை முழங்கியது. அடித்தவர்கள் கை ஓய்ந்தது, பாடினவர் தொண்டை கட்டியது, வேப்பிலை வாடியது. அம்மன் மட்டும் வரவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பம்பையில் குறை என்றார்கள் சிலர். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு சொன்னார்கள். பண்டிகைக்குச் சில மாதம் முன்னால்தான் பெரியம்மாளின் வீட்டுக்காரர் செத்துப்போயிருந்தார். தாலி இறங்கினவள் மேல் ஆத்தா எப்படி வருவாள் என்பது அந்தத் தாழ்ந்த குரலின் கேள்வி. மேலத்தெரு யுவராணிக்கு அன்றைக்கே லேசாகக் கண் சொக்கியது, தாங்கள் கண்ணாரப் பார்த்தோம் என்றும் சாட்சி சொல்ல ஆள் வந்தது.

அன்றிலிருந்து பெரியம்மாள் கடைக்குப் போனால் கோயில் தெரு வழியாகப் போவதில்லை. புளியமரத்துச் சந்தில் நுழைந்து ஊரையே சுற்றிக்கொண்டு போய் உப்பு வாங்கி வருகிறாள்.

மாது தொண்டையைச் செருமினார். "இந்த வருசமும் வரலன்னா மஞ்சத்துணிய யுவராணிகிட்ட குடுத்துடலாம்னு கமிட்டில பேசிட்டாங்க. எனக்கு மனசில்ல. அதான் எழுதிடலாம்னு வந்தன். இவ்வளவு அடிக்கணும், இன்னது நடக்கணும்னு கறாரா எழுதிட்டா அவங்களும் ஒழுங்கா அடிப்பாங்க இல்ல?"

அவர் நல்லதுதான் நினைத்தார். அம்மனுக்குத்தான் கறார் புரியுமா என்று தெரியவில்லை.

சசிகலாவின் பிழைப்பு இதுதான். பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்காக ஒப்பந்தம் எழுதுவாள். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் கேட்டு வாங்கிக்கொண்ட சலுகை அது. ஒப்பந்தத்தில் முதல் பக்கம் யாருக்கும் யாருக்கும் என்று இருக்கும். இரண்டாம் பக்கத்தில் 'நோக்கம்' என்றொரு தலைப்பு. எல்லாரும் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள், பின்னால் எல்லாச் சண்டையும் அதில்தான் வரும். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் செயலி செய்து கொடுத்தார்கள். நோக்கம், டோக்கனைக் கைப்பேசியில் வழங்குவது. வழங்கினார்கள். வரிசை குறையவில்லை. செயலியை எப்படித் திறப்பது என்று கேட்க இன்னொரு வரிசை புதிதாகச் சேர்ந்தது. வரிசை குறையவேண்டும் என்று எழுதவேண்டிய இடத்தில் டோக்கன் என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே அவளுக்கு மாது கொண்டுவந்த வேலை ருசித்தது. அம்மன் வருவதை நம்புகிறாளா என்று கேட்டால் அதற்குத்தான் பதில் கிடையாது. பெங்களூரில் இருக்கும்போது நம்பமாட்டாள். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டினால் பாதி நம்பிக்கை வந்துவிடும். பம்பைச் சத்தம் காதில் விழுந்தால் முழுசும் வந்துவிடும்.

"சொல்லுங்க பெரியப்பா. நோக்கம்னு போடறன். என்னா எழுதலாம்?"

"இதுல என்னா யோசன? சாமி வரணும்."

எழுதினாள்.

மறுநாள் பம்பைக் கலைவாணன் ஏரியூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வாட்டசாட்டமான ஆள், கழுத்தில் உருத்திராட்சம், சட்டைப்பையில் இரண்டு கைப்பேசி. தாளை வாங்கி அம்மனை வர்ணிக்கிற அதே ராகத்தில் சத்தமாகப் படித்தார். 'சாமி வரவேண்டும்' என்ற இடத்தில் ராகம் நின்றது.

"மேடம், இதுல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு எங்கூட்டுல சோறு போடமாட்டாங்க. கதவத் தட்டறது எங்க வேல. தெறக்கறது அவ வேல."

"தட்டுனீங்களே போன வருசம்!" என்றார் மாது.

"தட்டலீங்களா? பம்ப தோலே கிழிஞ்சிது. வேணும்னா மணிக்கணக்கு போட்டுக்கங்க. இத்தன மணியிலருந்து இத்தன மணி வரைக்கும் நிறுத்தாம அடிப்பம். அதுக்குக் கையெழுத்து போடறன்."

"அடிச்சா போதுமா? அடிக்கறது டேப்புல கூடத்தான் போட்டுக்கலாம். எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்க எதுக்கய்யா காயுது?"

கலைவாணனுக்கு முகம் சிவந்துவிட்டது. யாரை எலிப்புழுக்கை என்கிறீர்கள் என்று அவரும் எழுந்தார். நடுவில் சசிகலா மோர் கொண்டுவந்து கொடுத்திருக்காவிட்டால் ஒப்பந்தம் போலீஸ் ஸ்டேஷனில்தான் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பேரும் மோரைக் குடித்தார்கள், இருவரும் ஒத்துக்கொள்கிற மாதிரி நோக்கத்தை அவளே எழுதட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டுமே தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. கலைவாணன் சொல்வது வேலை, நோக்கமல்ல. மாது சொல்வது இரண்டு தரப்பாரின் கையிலும் இல்லாத ஒன்று. கையெழுத்தே போடாத மூன்றாம் ஆள் தலையில் பாரத்தை வைக்கிற ஒப்பந்தம். அந்த மூன்றாம் ஆள் அம்மன் என்று ஊர் நினைக்கும். ஆனால் வராவிட்டால் அம்மனுக்கா நஷ்டம்? புளியமரத்துச் சந்தில் நடக்கிறவளுக்குத்தான்.

அலுவலகக் கூட்டம் முடிந்ததும் அவள் தன் குழுத் தலைவி ஷாஜியாவிடம் இதைச் சொன்னாள். ஷாஜியா தர்மபுரி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். முதலில் வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"எல்லா கிளையண்ட்கிட்டயும் நீ கேக்கறதையே கேளு சசி. சாமி வந்துருச்சு, போயிருச்சு. மறுநாள் காலைல உங்க ஊர்ல எது மாறியிருக்கணும்? அதான நோக்கம்."

நூறு தடவை அவளே கேட்ட கேள்வி. சொந்த ஊரிடம் கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

கேட்க ஆரம்பித்தாள். பால் ஊற்ற வந்தவளைக் கேட்டாள், கோயில் பூசாரியைக் கேட்டாள், டீக்கடையில் கேட்டாள். சாமி எதுக்கு வரணும்? இதென்ன கேள்வி என்று எல்லாரும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். வரணும், வந்தால்தான் பண்டிகை என்றார்கள். பக்கத்து ஊரில் வருகிறதே, நமக்கு வராவிட்டால் கௌரவம் என்னாவது என்றார் டீக்கடைக்காரர். யாருக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை. அந்த 'அல்லது'தான் சசிகலாவைக் குடைந்தது.

கடைசியில் கேட்கவேண்டிய ஆளையே கேட்டாள். பெரியம்மாள் அடுப்படி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, சாமி வரும்போது உனக்கு எப்பிடி இருக்கும்?"

இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. பெரியம்மாளின் கை நின்றது.

"எப்பிடின்னு சொல்ல? பம்ப சத்தம் மொதல்ல காதுல கேக்கும். அப்பறம் வயித்துல கேக்கும். அதுக்கப்பறம் நான் இருக்கமாட்டன்."

"இருக்கமாட்டன்னா?"

"இருக்கமாட்டன், அவ்வளவுதான். முழிச்சுப் பாத்தா மேலெல்லாம் மஞ்சத்தண்ணி. ஊரே எதையோ தெரிஞ்சிக்கிட்டு என்னயே பாக்கும். எனக்கு மட்டும் ஒன்னும் தெரியாது. உங்கப்பாதான் வூட்டுக்கு வந்து சொல்லுவாரு. இன்னார் இன்னது கேட்டாங்க, நீ இன்னது சொன்னன்னு. நான் சொல்லல, அவ சொன்னான்னு திருத்துவன். சிரிப்பாரு."

சசிகலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. வருஷா வருஷம் ஊர் முழுக்கத் தன் அம்மாவின் வாயிலிருந்து பதில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்த ஒருத்தி மட்டும் எதுவும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. அம்மன் வரும்போது அவள் இல்லை, அவள் இருக்கும்போது அம்மன் இல்லை.

"கேக்க முடிஞ்சா நீ என்னாம்மா கேப்ப?"

பெரியம்மாள் ஒரு தோலை உரித்து முறத்தில் போட்டாள். பருப்பைக் குப்பையில் போட்டாள். அதைக் கவனிக்கவும் இல்லை.

"ஒன்னுமில்ல. உங்கப்பாரு கடைசில என்னத் தேடுனாரான்னு."

அப்பா சென்ட்ரிங் மேஸ்திரி. பெங்களூரில் ஏதோ கட்டடத்தில் ஒரு மத்தியானம் வேலை நடக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதே பெங்களூரின் இன்னொரு மூலையிலிருந்து ஆட்டோ பிடித்த சசிகலா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூட இருந்தவர்கள் ஒடிசாக்காரர்கள். அவர் என்ன சொன்னார் என்று அவர்களுக்கும் புரியவில்லை. இவளும் அம்மாவும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. ஒருத்தியிடம் பதில் இல்லை என்று இன்னொருத்திக்குத் தெரியும். சசிகலா குப்பையிலிருந்த பருப்பைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

மறுநாள் அவள் ஊர்ப் பையன்களின் கைப்பேசிகளில் கிடந்த பழைய வீடியோக்களைக் கேட்டு வாங்கினாள். முதலில் கிடைத்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷத்தது. அம்மா ஆடிக்கொண்டு வருகிறாள். பம்பை தணிகிறது. அம்மன் கேட்கிற முதல் வார்த்தை, "எதுக்குடா என்னக் கூப்ட்டீங்க?" அது வழக்கம். எந்த ஊர் அம்மனும் அப்படித்தான் கேட்பாள், ஊர் பதில் சொல்லவேண்டும். ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள். மழை எப்போது, மகளுக்கு வரன் எப்போது, பங்காளி வரப்பை நகர்த்துகிறான் நீயே பார். பிறகு மாது வருகிறார். வெளிநாட்டுக்குப் போன மகன் போன் பண்ணுவதில்லை, நான் என்ன தப்புப் பண்ணினேன் தாயே என்று குழந்தையைப் போல விசும்புகிறார். அந்த இடத்தில் எவனோ ஒரு புண்ணியவான் சோகப் பாட்டைச் சேர்த்து, கீழே சிரிக்கிற பொம்மைகளை ஓடவிட்டிருந்தான். அது கடத்தூர் வரைக்கும் சுற்றியதாம்.

அடுத்தது போன வருஷத்தது. பம்பை ஆரம்பிக்கிறது. ஒலிபெருக்கியில் மாதுவின் குரல். "பக்தர்கள் கவனத்துக்கு. இந்த வருசம் ஆத்தாகிட்ட யாரும் தனியா கேள்வி கேக்கக்கூடாது. ஆத்தா வந்து தீர்த்தம் குடுத்ததும் மலையேறிடும். சாயந்தரம் ஆர்கெஸ்ட்ரா இருக்குது."

சசிகலா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். வேப்பிலையோடு நிற்கிற அம்மா ஒலிபெருக்கி இருக்கும் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். ஒருவரை வீட்டுக்கு அழைத்துவிட்டு, வந்தால் பேசமாட்டோம் என்று வாசலிலேயே சொன்னால், யார் வருவார்கள்? டோக்கன் என்று எழுதிவிட்டார்கள். வரிசையை மறந்துவிட்டார்கள்.

மாதுவிடம் போனாள். வீடியோவைப் பற்றி வாய் திறக்கவில்லை. "ஏன் பெரியப்பா கேள்வியை நிறுத்துனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் மாட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "கேக்கறவன் மானம் சந்தி சிரிக்குது கண்ணு. எனக்கு ஆனது போதும். இன்னொருத்தனுக்கு ஆகவேணாம்னுதான்."

"போனைப் புடுங்கி வச்சுட்டா?"

மாடு தலையை ஆட்டியது. மாதுவும் கொஞ்ச நேரம் கழித்து ஆட்டினார்.

ஒப்பந்தம் இப்படி முடிந்தது. நோக்கம்: ஊரார் அம்மனிடம் கேட்க விரும்புவதை நேரில் கேட்கவும், அம்மன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் வழி செய்வது. பம்பைக் குழுவினர் அழைப்பர். விழாக் குழுவினர் அனைவரின் கைப்பேசிகளையும் வாங்கி வைப்பர், கேள்வி முடியும்வரை வேறு நிகழ்ச்சி தொடங்கார், முதல் கேள்வியைத் தாங்களே கேட்பர். அம்மன் வருவதும் வராததும் அம்மன் விருப்பம். அதற்கு இரு தரப்பாரும், அருள் வாங்கி நிற்பவரும் பொறுப்பல்ல.

கலைவாணன் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். "இப்ப போடலாம் மேடம். கூப்பிடறதுக்கு ஒரு காரணம் இருந்தா எங்க பாட்டும் தன்னால வரும்." மாதுவின் விரல் மட்டும் கடைசி வரியில் நின்றது.

"அருள் வாங்கி நிற்பவரும்னு போட்டிருக்கியே, அத அடிச்சுடு கண்ணு. கமிட்டில ஒத்துக்கமாட்டாங்க. வரலன்னா மஞ்சத்துணி யுவராணிக்குன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் ஒருத்தன் என்னா செய்ய?"

அந்த வரிக்காகத்தான் அவள் ஒப்பந்தம் முழுவதையும் எழுதினாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அடித்த இடத்தில் மூன்று பேரும் சின்னக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆடி பிறந்தது. பண்டிகையன்று கிணற்று மேட்டுக்குப் போகிற வழியில் ஒரு பெரிய பித்தளை அண்டா வைக்கப்பட்டிருந்தது. கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கழற்றச் சொன்னால் தாலிச் சங்கிலியைக்கூடக் கழற்றிவிடுவார்கள் போலிருந்தது, கைப்பேசிக்கு அத்தனை தகராறு. அண்டா நிறைந்தது. அடிக்கொருதரம் உள்ளேயிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பெரியம்மாள் இந்த முறை கோயில் தெரு வழியாகத்தான் வந்தாள், வேறு வழியில்லை. மஞ்சள் துணி, ஈரத் தலை. கூட்டத்தில் சில பெண்கள் அவளைப் பார்த்தார்கள், உடனே யுவராணியைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணோ தலையைக் குனிந்துகொண்டு தன் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சசிகலாவுக்கு அம்மாவின் கால் விரல்கள் மண்ணைப் பற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. பயப்படுகிறாள். தெய்வத்துக்கல்ல, ஊருக்கு.

பம்பை ஆரம்பித்தது. முதலில் காதில் கேட்டது. கலைவாணன் கண்ணை மூடிக்கொண்டு வர்ணிப்பை எடுத்தார். கேட்க ஆள் காத்திருக்கிறது, சொல்ல நீ வா என்று போன வருஷம் இல்லாத அடிகள் சில வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் பம்பை சசிகலாவின் வயிற்றில் கேட்டது. அம்மா சொன்னது இதுதானா என்று நினைக்கும்போதே பெரியம்மாளின் தோள் குலுங்கியது. வேப்பிலை சடசடத்தது. தலை சுழன்று ஈரக் கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. ஊர் ஒரே மூச்சில் குலவை போட்டது.

பம்பை தணிந்தது.

"எதுக்குடா என்னக் கூப்ட்டீங்க?"

எல்லாரும் மாதுவைப் பார்த்தார்கள். முதல் கேள்வி விழாக் குழுவுடையது. எழுதியிருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. மாது இரண்டடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அண்டாவுக்குள் ஒரு கைப்பேசி அடித்தது. அவருடைய கண் அந்தப் பக்கம் போனது, வாய் மூடிக்கொண்டது. ஒருதரம் சூடு கண்ட பூனை.

"எதுக்குடா கூப்ட்டீங்க? கூப்புட்டுட்டு வாய மூடிக்கறீங்களா?"

கூட்டத்தில் எல்லாரிடமும் ஒரு கேள்வி இருந்தது, எல்லாரும் அடுத்தவர் ஆரம்பிக்கட்டும் என்று நின்றார்கள்.

"அப்ப நான் போறன்."

வேப்பிலை தாழ்ந்தது. பெரியம்மாளின் உடம்பு கிணற்றுப் பக்கம் திரும்பியது. நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று சசிகலாவுக்குத் தெரியும். வந்தவள் நிற்கவில்லை, தாலி இறங்கின உடம்பு அவளுக்கு ஒப்பவில்லை என்பார்கள். அவள் எழுதிய ஒப்பந்தத்தில் அவளுக்கு இடமில்லை. எழுதிக் கொடுத்தவள் மட்டும்தான். ஆனால் கால் தானாக முன்னே வந்துவிட்டது.

"நான் கேக்கறன் ஆத்தா!"

அந்த முகம் திரும்பியது. பெற்ற முகம்தான். கண்ணில் மட்டும் அறிமுகமே இல்லை.

"யாரு நீ?"

அம்மா தன்னை யார் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததில்லை. "பெரியம்மா மவ."

"அவளுக்கு என்னா வேணுமாம்?"

"அவளுக்கு ஒன்னு கேக்கணுமாம். அவளால உன்கிட்ட கேக்க முடியாது. நீ வர்றப்ப அவ இருக்கறதில்ல. அதான் நான் கேக்கறன்."

"கேளு."

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கட்டும். "எங்கப்பா கடைசில அவளத் தேடுனாரான்னு கேக்கறா."

ஆட்டம் நின்றது. கலைவாணனின் குச்சி தோலின் மேல் சும்மா கிடந்தது. அந்தக் கண்கள் சசிகலாவைத் தாண்டி எங்கேயோ போய் எதையோ பார்த்துவிட்டு வந்தன.

"தேடல."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "அடி ஆத்தா" என்றாள். சசிகலாவுக்கு ஏன் கேட்டோம் என்றிருந்தது. இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது?

வேப்பிலை அவள் தலைமேல் வந்து இறங்கியது.

"கூடவே இருக்கறவள எதுக்குடி தேடறான்?"

அவ்வளவுதான். பம்பை மறுபடி எழுந்தது. சசிகலா எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மாது மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, மகன் பேரைச் சொல்லி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றிருந்தது. பால் ஊற்றுகிறவள், டீக்கடைக்காரர், இடுப்பில் குழந்தையோடு யுவராணி. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள்.

எல்லாம் முடிந்து அம்மன் மலையேறியபோது கலைவாணன் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மடியிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். "கவுண்டரே, நோக்கம் நெறவேறிருச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அடுத்த வருசம் பேச்சு வரக்கூடாது." மாது அழுத முகத்தோடு போட்டார். அதற்குக் கீழே, அடித்த அந்த வரியை யாரும் கேட்காமலே தன் கையால் மறுபடி எழுதினார்.

சசிகலா அதைப் பார்க்கவில்லை. வேப்பமரத்து நிழலில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாள் கண்ணைத் திறந்தாள். மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர். தன்னையே பார்க்கிற ஊரைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"வந்தாளா?"

"வந்தாம்மா."

"யாரு என்னா கேட்டாங்க?"

அப்பா வீட்டுக்கு வந்து சொல்கிற இடம் இது. சொல்ல இப்போது இவள்தான் இருக்கிறாள்.

"மொதல்ல நான் கேட்டன். நீ அன்னிக்கு சொன்னியே, அத."

பெரியம்மாள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"என்னா சொன்னா?"

"தேடலன்னு சொன்னா. கூடவே இருக்கறவள எதுக்குத் தேடறான்னு சொன்னா."

பெரியம்மாள் மகளின் கையை விட்டாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். ஒலிபெருக்கியில் யாரோ அண்டாவிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அறிவித்தார்கள்.

"அதான் சசி," என்றாள் கடைசியில், குரல் உடைந்து. "அவரு போன அன்னிக்கு மத்தியானம் எனக்கு வூட்டுல இருப்பே கொள்ளல. அடுப்ப அமத்திட்டு ரோட்டுக்கு வந்து நின்னுட்டிருந்தன். எதுக்கு நிக்கறன்னு எனக்கே தெரியல."